மூன்று திருகுகள் இடம் மாறினால்

டெலிகா 4 என்றொரு மடக்குக்கத்தி உண்டு. அமெரிக்காவின் ஸ்பைடர்கோ நிறுவனம் வடிவமைத்தது. வாள் செய்வதில் பல நூற்றாண்டுகளாகப் பேர்போன ஜப்பானின் செக்கி நகரில் தயாராகிறது. மடக்கிய நிலையில் 10.8 சென்டிமீட்டர் நீளம், சுமார் 71 கிராம் எடை. அதன் பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால் இரண்டு பக்கங்களிலும், ஒவ்வொரு பக்கத்தின் இரு கோடிகளிலும், மும்மூன்றாகத் திருகுத் துளைகள் தெரியும். மொத்தம் 12. கத்தியைப் பேண்ட் பாக்கெட்டின் விளிம்பில் மாட்டிவைக்கும் எஃகுக் கிளிப்புக்கு வேண்டியவை மூன்றே மூன்று. மற்ற ஒன்பதும் காலியாகவே இருக்கும்.

கிளிப்பை எந்தக் கோடியில், எந்தப் பக்கத்தில் மாட்டிக்கொள்வது என்பதை வாங்குகிறவரே முடிவுசெய்யட்டும் என்றுதான் அந்த ஒன்பது துளைகளும் விடப்பட்டிருக்கின்றன. இதில் முடிவுசெய்ய என்ன இருக்கிறது என்று தோன்றலாம். பேனா மூடியில் கிளிப் எங்கே இருந்தால் என்ன என்று யாரும் யோசிப்பதில்லையே. ஆனால் பேனாவை எடுக்கும்போது நமக்கு இரண்டு கைகளும் சும்மா இருக்கின்றன. ஒன்றால் பேனாவைப் பிடித்து இன்னொன்றால் மூடியைக் கழற்றுகிறோம். மடக்குக்கத்தியை வேலைக்கு எடுக்கிறவரின் மறுகை பெரும்பாலும் எதையாவது பற்றிக்கொண்டிருக்கும். ஏணியின் படியாக இருக்கலாம், விட்டால் ஓடிவிடும் கயிறாக இருக்கலாம், சரியப் பார்க்கும் மூட்டையாக இருக்கலாம். மிச்சமிருக்கும் ஒரே கை பாக்கெட்டுக்குப் போய், கத்தியைப் பற்றி, வெளியே எடுத்து, அலகை விரித்து, அறுப்பதற்குத் தோதான பிடியில் நிறுத்த வேண்டும். இதில் எந்த அசைவு எளிதாக நடக்கும், எந்த இடத்தில் விரல் தடுமாறும் என்பதைத் தீர்மானிப்பது கிளிப் இருக்கும் இடம்.

கிளிப் வருவதற்கு முன்பு மடக்குக்கத்தி பாக்கெட்டின் அடியில் சில்லறையோடும் சாவியோடும் கிடந்தது. வேண்டும்போது துழாவ வேண்டும். கைக்கு வந்தது தலையா வாலா என்று தடவிப் பார்க்க வேண்டும். பிறகு அலகின் ஓரத்தில் இருக்கும் சிறு பள்ளத்தில் மறுகையின் நகத்தைக் கொடுத்து நெம்ப வேண்டும். 1964இல் பக் நிறுவனம் கொண்டுவந்த 110 என்ற புகழ்பெற்ற மடக்குக்கத்தி பாக்கெட்டுக்குக் கனம் அதிகம். பெல்ட்டில் கோத்த தோலுறையில் போனது.

1981இல் கொலராடோ மாநிலத்தின் கோல்டன் என்ற ஊரிலிருந்து சால் கிளெசர் ‘வொர்க்கர்’ என்ற கத்தியை வெளியிட்டார். அலகில் வட்டமாக ஒரு துளை, பிடியில் ஒரு கிளிப். துளையின் விளிம்புக்குள் கட்டைவிரலின் சதை கொஞ்சம் அமுங்கும். அந்த அமுங்கலே பிடிமானம். தள்ளினால் அலகு திறந்துகொள்ளும். துளையும் கிளிப்பும் ஒரே கத்தியில் சேர்ந்து வந்ததைத்தான் நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன். துளை மட்டும் வந்திருந்தால் ஒரு கையால் திறந்திருக்கலாம், துழாவல் தீர்ந்திருக்காது. கிளிப்போடு சேர்ந்து வந்ததால் கத்தி எப்போதும் ஒரே இடத்தில், ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு, விரல் போன மாத்திரத்தில் கிடைத்தது. கண்ணைக் கேட்காமல் கை செய்கிற எந்த வேலைக்கும் அந்த உத்தரவாதம் வேண்டும்.

அந்தத் திசை எது என்பதில்தான் இரண்டு வழிகள் பிரிகின்றன. மடக்கிய கத்திக்கு இரண்டு கோடிகள். ஒரு கோடியில் அலகு சுழலும் அச்சாணி இருக்கிறது. அலகின் கூர்முனை போய் ஒளிந்துகொள்வது மறு கோடியில். அதை வால் என்று வைத்துக்கொள்வோம். கிளிப்பை வால் பக்கம் மாட்டினால், பாக்கெட்டில் கத்தி அச்சாணி அடியிலும் கூர்முனை மேலேயுமாக நிற்கும். கத்தி ஆர்வலர்கள் இதை ‘டிப் அப்’ என்பார்கள். நாம் ‘முனை மேல்’ என்று சொல்லலாம். கிளிப்பை அச்சாணிப் பக்கம் மாட்டினால் எல்லாம் தலைகீழாகும். அச்சாணி பாக்கெட்டின் வாயருகே வந்துவிடும், கூர்முனை அடியில் இருக்கும். இது ‘டிப் டவுன்’, அதாவது ‘முனை கீழ்’. இரண்டிலும் அலகு மூடித்தான் இருக்கிறது. வேறுபாடு முழுவதும் கை அதைச் சந்திக்கிற விதத்தில் இருக்கிறது.

வலது கையை உடலோரமாகத் தளர்த்தித் தொங்கவிட்டுப் பாருங்கள். உள்ளங்கை தொடையைப் பார்க்கிறது. கட்டைவிரல் முன்னால் இருக்கிறது, மற்ற நான்கு விரல்களும் அதற்குப் பின்னால். இதே கை மேலேறிப் பாக்கெட்டுக்கு வரும்போது கட்டைவிரல் மட்டும் உள்ளே நுழைகிறது. நான்கு விரல்களும் வெளியே, துணிக்கு இப்பால், கிளிப்பின் மேல் படிகின்றன. கத்தி முனை மேலாக நின்றால், கட்டைவிரல் பிடியின் உட்பக்கத்தோடு வழுகிக் கீழே இறங்க இறங்க அச்சாணியை நெருங்குகிறது. அச்சாணிக்குச் சற்று மேலே வட்டத் துளை காத்திருக்கிறது. அலகு உறங்கும் காடி பின்பக்கம் பார்க்கிறது. நான்கு விரல்களும் வளைந்து வந்து பற்றப்போவது அந்தப் பக்கத்தைத்தான். பிடியின் முதுகு முன்பக்கம், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடைப்பட்ட கவட்டைக்கு நேராக இருக்கிறது. விரித்த கத்தியைக் கையில் பிடித்திருக்கும்போது எது எங்கே இருக்குமோ அது அங்கேயே, பாக்கெட்டுக்குள் இருக்கும்போதே அமைந்துவிட்டது. இழுத்தால் போதும், பிடியை மாற்ற வேண்டியதில்லை.

அதே கத்தியை முனை கீழாக மாட்டினால் வெளியே பார்க்கும் பக்கம் மாறுவதில்லை. கத்தி அந்தப் பக்கம் வெளியே பார்த்தபடியே அரைவட்டம் சுழன்று தலைகீழாக நிற்கிறது. அச்சாணி மேலே வந்தாயிற்று, காடி முன்பக்கம் திரும்பியாயிற்று. கட்டைவிரல் ஆழத்துக்குப் போக வேண்டாம். பாக்கெட்டின் வாயிலேயே துளை கிடைத்துவிடும். இது பெரிய வசதிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் பிடி முழுவதும் விரல் நுனிகளுக்குக் கீழே தொங்குகிறது. கட்டைவிரலும் நடுவிரலும் அச்சாணியருகே கத்தியைக் கிள்ளிப் பிடித்து வெளியே கொண்டுவந்தபின், பிடியைச் சுழற்றி உள்ளங்கைக்குள் சேர்க்க வேண்டும். நன்றாகப் பழகியவர் இதைச் செய்வதைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். மணிக்கட்டு திரும்பத் தொடங்கும்போதே மோதிர விரலும் சுண்டுவிரலும் நீண்டு வாலை எட்டிப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்கின்றன. அந்தச் சுழற்சி முடிவதற்குள் கட்டைவிரல் துளையைத் தள்ளத் தொடங்கியிருக்கும். கத்தி தானாக உருண்டு வந்து கையில் உட்கார்ந்துகொண்டது போலத் தெரியும். கையுறை போட்டிருந்தால், குளிரில் விரல் விறைத்திருந்தால், எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால், முதலில் தவறுவது இந்த உருட்டல்தான்.

விரல் நுனிகள் அந்த ஒரு கணத்தில் எவ்வளவு வேலை செய்கின்றன என்பதைப் புரிந்துகொள்ள, ஸ்வீடனின் உமியோ பல்கலைக்கழகத்தில் ரோலண்ட் யோஹான்சனும் கோரன் வெஸ்ட்லிங்கும் 1980களில் செய்த சோதனைகள் உதவுகின்றன. கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் ஒரு சிறு பொருளைக் கிள்ளித் தூக்கச் சொன்னார்கள். விரல் எவ்வளவு அழுத்துகிறது, எவ்வளவு மேலே இழுக்கிறது என்று அளக்கும் கருவிகள் அந்தப் பொருளுக்குள்ளேயே இருந்தன. விரல் படும் பரப்பை மாற்றி மாற்றி வைத்தார்கள்: ஒருமுறை பட்டு, ஒருமுறை மென்தோல், ஒருமுறை உப்புத்தாள். இழுவிசை கூடக் கூட அழுத்தமும் கூடவே ஏறியது. பட்டு வழுக்கும் என்பதால் அதற்கு அதிக அழுத்தம், உப்புத்தாளுக்குக் குறைவு. எந்தப் பரப்பானாலும் நழுவாமலிருக்கத் தேவையான அளவுக்குச் சற்றே மேலாக மட்டும் விரல் அழுத்தியது. பொருள் நூலளவு நழுவினாலும் ஒரு விநாடியின் பத்தில் ஒரு பங்குக்குள் அழுத்தம் கூட்டப்பட்டது. தூக்கியவருக்கு இதெல்லாம் நடந்ததே பெரும்பாலும் தெரியாது. விரல் நுனிக்கு மரப்பூசி போட்டதும் இந்த நுட்பம் குலைந்தது. தோலுக்கு அடியிலுள்ள தொடு உணர்விகள் அனுப்பும் சேதிகளை வைத்துத்தான் கை இந்தக் கணக்கைப் போடுகிறது.

பாக்கெட்டிலிருந்து கத்தியை உருவும்போது அந்தக் கணக்குக்குக் கடினமான பரீட்சை வருகிறது. கிளிப் துணியை இறுக்கிப் பிடித்திருப்பதால் முதலில் கத்தி அசையாது. இழுவை ஏறுகிறது, அதோடு விரலின் அழுத்தமும் ஏறுகிறது. பிறகு கிளிப் நகரத் தொடங்குகிறது. பாக்கெட் விளிம்பின் தடித்த மடிப்பு மேல் ஏறி இறங்குகிறது. கிளிப்பின் நுனி மடிப்பைத் தாண்டியதும் எதிர்ப்பு சட்டென்று காணாமல் போகிறது. ஒரு கணத்துக்கு முன்புவரை துணியோடு மல்லுக்கட்டிய விரல்களில் இப்போது வெறும் 71 கிராம்தான் மிச்சம். முனை மேல் நிலையில் இது பிரச்சினையில்லை. கை முழுவதும் பிடியைச் சுற்றியிருக்கிறது, அழுத்தம் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் கெடுதியில்லை. முனை கீழ் நிலையிலோ, சுமை திடீரென்று விழுந்த அதே கணத்தை ஒட்டித்தான் விரல்கள் கிள்ளலைத் தளர்த்திக் கத்தியைச் சுழல விட வேண்டும். சற்று முந்தித் தளர்த்தினால் கத்தி நழுவும். பிந்தினால் சுழலாது. முனை கீழ் நிலையில் அடிக்கடி கத்தியைக் கீழே போடுகிறவர்களுக்கு விரலில் குறை ஒன்றும் இல்லை. இரண்டு எதிரெதிர் வேலைகள் ஒரே நொடித்துகளில் வந்து விழுகின்றன, அவ்வளவுதான்.

இதுவரை படித்தால் முனை மேல்தான் எல்லா வகையிலும் மேல் என்று தோன்றும். புவியீர்ப்பு அதற்கு எதிராக வாதாடுகிறது.

முனை கீழாக மாட்டிய கத்தியில் அலகு அச்சாணியிலிருந்து கீழ்நோக்கித் தொங்குகிறது. ஓர் ஊசல் ஓய்ந்து நிற்கும் நிலை அது. சற்று விலகினாலும் அதன் எடையே அதை மூடிய இடத்துக்கு இழுத்துவரும். முனை மேலாக மாட்டினால் அலகு அச்சாணிக்கு மேலே நிமிர்ந்து நிற்கிறது. ஊசலைத் தலைகீழாக நிறுத்தி வைத்த நிலை. கொஞ்சம் சாய்ந்தால் அதன் எடை அதை இன்னும் சாய்க்கத்தான் பார்க்கும். 20 கிராம் அலகின் எடைமையம் அச்சாணியிலிருந்து 3 சென்டிமீட்டரில் இருப்பதாக வைத்துக்கொண்டால், கத்தி கிடைமட்டமாகும்போது அலகைத் திறக்கப் பார்க்கும் திருப்புவிசை 60 கிராம்-சென்டிமீட்டர். சிறிய அளவுதான். ஆனால் லாரியின் பின்பலகையிலிருந்து குதிக்கும்போதோ படியில் தடதடவென்று இறங்கும்போதோ ஏற்படும் உதறலில் அது பல மடங்காகும்.

இதைத் தடுக்கத்தான் மடக்குக்கத்திகளில் மூடிய நிலையைக் காக்கும் ஏற்பாடு இருக்கிறது. டெலிகாவில் பிடியின் முதுகில் உள்ள தண்டும் அதன் கீழிருக்கும் ஸ்பிரிங்கும் அலகை மூடிய பக்கமே அழுத்திக்கொண்டிருக்கும். உள்தகடு பக்கவாட்டில் வந்து பூட்டும் வகைகளில், கடுகைவிடச் சற்றே பெரிய ஒரு குண்டு அந்தத் தகட்டில் பதிந்திருக்கும். அலகு மூடியதும் அது அலகின் அடியிலுள்ள குழியில் போய் உட்காரும். கட்டைவிரல் தள்ளும்போது கேட்கும் ‘டக்’ என்ற மெல்லிய ஒலி, குண்டு குழியைவிட்டு ஏறும் ஒலி. அந்தக் குழி ஆழம் குறைவாகவோ தேய்ந்தோ இருந்தால், முனை மேல் நிலையில் அலகு பாக்கெட்டுக்குள் கொஞ்சம் வாய் திறந்துவிடக்கூடும். அப்போது கூர்முனை இருக்கும் இடம் பாக்கெட்டின் வாய். சாவி எடுக்கப் போகும் விரல் முதலில் தொடுவது அதைத்தான். முனை கீழ் நிலையில் அப்படித் திறந்தாலும் விரல் முதலில் சந்திப்பது அச்சாணியை.

இந்த இடத்தில் உதவிக்கு வருவது பேண்ட் தைத்தவரின் வேலை. வலது பாக்கெட்டில் முனை மேலாக நிற்கும் கத்தியின் காடி பின்பக்கம் பார்க்கிறது என்று சொன்னேன் இல்லையா? கத்தியைப் பாக்கெட்டின் பின்னோரத் தையலோடு ஒட்டி மாட்டினால் அந்தத் தையலே அலகுக்குச் சுவராகிவிடும். திறக்க நினைத்தாலும் அலகுக்குப் போக இடமில்லை. அதே கத்தியைப் பாக்கெட்டின் நடுவில் மாட்டினால் சுவர் தள்ளிப்போய்விடும். இரண்டு விரற்கடை நகர்த்தியதில் பாதுகாப்பான ஏற்பாடு ஆபத்தானதாக மாறிவிடுகிறது. கிளிப்பைப் பற்றிப் பேசும் பலரும் கத்தியை மட்டுமே பார்க்கிறார்கள். பாக்கெட்டும் அந்த இயந்திரத்தின் ஓர் உறுப்பு என்பதை எவ்வளவு வலியுறுத்தினாலும் தகும்.

பாக்கெட்டை உறுப்பாக்கிக்கொண்டு ஒரு கண்டுபிடிப்பே வந்தது. கலிஃபோர்னியாவின் கத்தி வடிவமைப்பாளர் எர்னஸ்ட் எமர்சன் தன் கத்திகளில் அலகின் முதுகில், அச்சாணிக்கு அருகே, சிறு கொக்கி ஒன்றை வைத்தார். ‘வேவ்’ என்று அதற்குப் பெயர். 1999இல் காப்புரிமை பெற்றது. எதிராளியின் கத்தி வழுகி வந்து கையில் படாமல் தடுப்பதற்காக முதலில் யோசித்த கொக்கி அது. கத்தியை உருவும்போது அது பாக்கெட்டில் மாட்டி அலகைத் திறந்துவிடுவது தெரிந்ததும் அதன் முழுப் பயனும் அந்தப் பக்கம் திரும்பியது. மூடிய கத்தியில் அலகின் முதுகு காடியின் பக்கம் லேசாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், கொக்கியும் அங்கேதான். முனை மேல் நிலையில் அந்தப் பக்கம் பாக்கெட்டின் பின்மூலையைப் பார்க்கிறது. கையை மேலே இழுத்துக்கொண்டே சற்றுப் பின்னே கொண்டுபோனால் கொக்கி அந்த மூலையில் மாட்டுகிறது. துணி அலகைப் பிடித்துக்கொள்கிறது, கை பிடியை இழுத்துக்கொண்டு போகிறது. இடையில் அலகு சுழன்று விரிகிறது. கொக்கி அச்சாணிக்கு மிக அருகிலும் முனை வெகு தொலைவிலும் இருப்பதால் கொக்கியின் சிறு அசைவு முனையில் பல மடங்காகிறது. பாக்கெட்டை விட்டு வரும்போதே கத்தி விரிந்து பூட்டியிருக்கும். கிளிப்பை மறு கோடிக்கு மாற்றிவிட்டால் கொக்கி முன்பக்கம் திரும்பிவிடும், மாட்டுவதற்கு மூலை இருக்காது, இந்த வித்தை நடக்காது. தொடையருகே அலகு விரிகிறது என்பதால் பயிற்சி இல்லாதவர் விளையாடிப் பார்க்கும் விஷயமும் இல்லை.

கொக்கி இழுக்கும் அந்த மூலைக்கு 150 ஆண்டுக் கதை உண்டு. நெவாடாவின் ரீனோ நகரில் தையற்காரராக இருந்த ஜேக்கப் டேவிஸிடம் ஒரு கூலித் தொழிலாளியின் மனைவி, கணவருக்குக் கிழியாத பேண்ட் வேண்டும் என்று கேட்டார். கை நுழைத்து நுழைத்துப் பாக்கெட்டின் மூலைகள்தான் முதலில் பிய்கின்றன என்று கண்ட டேவிஸ், அங்கே செம்பு ரிவெட் அடித்தார். அவரும் துணி வியாபாரி லீவை ஸ்ட்ராஸும் சேர்ந்து 1873 மே 20 அன்று அதற்குக் காப்புரிமை பெற்றார்கள். இன்றைய ஜீன்ஸின் பாக்கெட் மூலையில் மின்னும் அந்தப் பொட்டு, விசை குவியும் இடம் இது என்று டேவிஸ் கண்டுகொண்டதன் அடையாளம். எமர்சனின் கொக்கியும் தன் விசையைச் செலுத்துவது அதே மூலையில்தான்.

கிளிப்பையே கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். சில மாதம் பயன்படுத்திய கிளிப்பின் உட்பக்கத்தில், நுனிக்குச் சற்று முன்னால் உள்ள மேட்டில் மட்டும் பூச்சு தேய்ந்து எஃகு பளபளக்கும். பேண்டில் அதற்கு நேரான இடத்தில் சாயம் போய் வெள்ளை இழை தெரியும். துணியைத் தொடுவது அந்த மேடு மட்டும்தான். மற்றப் பகுதி அதை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங். ஒரு முனை திருகப்பட்டு மறுமுனை காற்றில் நீட்டிய தகட்டின் விறைப்பு, தடிமனின் மூன்றாம் அடுக்கோடு கூடுகிறது, நீளத்தின் மூன்றாம் அடுக்கோடு குறைகிறது. தடிமனைப் பத்து சதவீதம் கூட்டினால் விறைப்பு 33 சதவீதம் கூடும். நீளத்தை இருமடங்காக்கினால் எட்டில் ஒரு பங்காகிவிடும். அதே அளவில் எஃகுக்குப் பதில் டைட்டானியம் போட்டால் விறைப்பு ஏறக்குறைய பாதியாகக் குறையும். கிளிப் துணியை அழுத்தும்போது உராய்வு இரண்டு இடத்தில் பிறக்கிறது: துணியின் வெளிப்பக்கத்தில் கிளிப்போடு, உட்பக்கத்தில் பிடியோடு. கிளிப்பின் கீழே பிடி சொரசொரப்பாக இருந்தால் ஒவ்வொரு முறை உருவும்போதும் அது துணியை அரம் போல ராவும். அதனால் நல்ல தயாரிப்பாளர்கள் கிளிப் படியும் அந்தப் பட்டையை மட்டும் வழவழப்பாக்கி விடுகிறார்கள். கத்தி வாங்குகிறவர்கள் எஃகின் பெயரை விசாரிக்கும் நேரத்தில் கால்வாசியை அந்தப் பட்டையைத் தடவிப் பார்ப்பதற்குச் செலவிடலாம் என்பது என் அபிப்பிராயம்.

கோடி எது என்று முடிவானபின் ஆழம் என்ற கேள்வி வருகிறது. கிளிப் கோடியிலிருந்து சற்று உள்ளே தள்ளித் திருகப்பட்டிருந்தால் கத்தியின் ஒரு துண்டு பாக்கெட்டுக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். கிளிப் கோடியின் உச்சியைச் சுற்றி வளைந்து இறங்கினால் கத்தி முழுவதும் பாக்கெட்டுக்குள் மூழ்கிவிடும், வெளியே தெரிவது வெறும் கம்பிதான். மூழ்கிய கத்தி விழாது, எதிலும் மாட்டாது, குனிந்தால் வயிற்றில் குத்தாது. ஆனால் பற்றுவதற்கு ஒன்றுமில்லை. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் கொண்டு கிளிப்பின் வளைவைக் கிள்ளித்தான் முதல் இழுப்பு இழுக்க வேண்டும், பிறகுதான் முழுப் பிடி. நின்றுகொண்டிருக்கும்போது இது தெரியாது. காரில் சீட் பெல்ட்டோடு உட்கார்ந்து முயன்றால் தெரியும். இடுப்பு மடங்கியதும் பாக்கெட்டின் வாய் இறுகி மூடிக்கொள்கிறது, கட்டைவிரல் நுழைய மறுக்கிறது. விரற்கடை அளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கத்தி அங்கே கைகொடுக்கும். பெல்ட்டை அறுக்க வேண்டிய அவசரத்துக்காகக் கத்தி வைத்திருப்பவர்கள் உட்கார்ந்த நிலையில்தான் கிளிப்பைச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

வெளியே தெரியும் கம்பிக்கு இன்னொரு விளைவும் இருந்தது. நியூயார்க் மாநிலத்தில் 1958 முதல் ‘கிராவிட்டி நைஃப்’ தடைச்சட்டம் நடைமுறையில் இருந்தது. புவியீர்ப்பாலோ வீசும் வேகத்தாலோ அலகு வெளிவந்து பூட்டிக்கொண்டால் அது குற்றப்பொருள். பாக்கெட்டின் விளிம்பில் தெரிந்த கத்தியைப் பார்த்துக் காவலர்கள் ஆட்களை நிறுத்தினார்கள். மணிக்கட்டைச் சுண்டி அலகு திறக்கிறதா என்று பார்த்தார்கள். அலகை மூடிவைக்கும் அந்தச் சிறு குண்டும் குழியும் எவ்வளவு இறுக்கம், சோதிப்பவரின் மணிக்கட்டு எவ்வளவு பலம் என்பதைப் பொறுத்து ஒரே கத்தி ஒருவர் கையில் கருவியாகவும் இன்னொருவர் கையில் ஆயுதமாகவும் ஆனது. கூலி வேலைக்குக் கத்தி வைத்திருந்த பலர் வழக்கில் சிக்கினார்கள். நெடுநாள் போராட்டத்துக்குப் பிறகு 2019இல் அந்தத் தடை நீக்கப்பட்டது. நீக்கியது நியாயம்தான், ஒரு ஸ்பிரிங்கின் தேய்மானத்தை வைத்து மனிதரைக் குற்றவாளியாக்கும் சட்டம் நிலைத்திருக்கக் கூடாது.

இடது கைக்காரர்களின் சங்கடம் தனி. வலப்புறம் மட்டும் துளை போட்ட கத்தியை, முனை மேலாகவே, இடது பாக்கெட்டில் மாட்டுகிறார்கள் என்று வையுங்கள். வெளியே பார்க்கும் பக்கம் அதேதான், ஆனால் உடலின் முன்னும் பின்னும் இடம் மாறிவிட்டன. காடி இப்போது முன்பக்கம் பார்க்கிறது. பின்னோரத் தையல் தந்த சுவர் போயிற்று. நான்கு விரல்கள் வளைந்து பற்ற வேண்டிய பக்கம் கட்டைவிரலின் பக்கம் போயிற்று, வெளியே எடுத்தபின் கத்தியைப் புரட்டியாக வேண்டும். வலக்கைக்காரருக்குக் கிடைத்த இரண்டு அனுகூலங்களும் இவருக்கு ஒரே அடியில் இல்லாமல் போகின்றன. கிளிப்பை மறுபக்கம் மாற்றினால் இரண்டும் திரும்பி வரும். டெலிகாவின் 12 துளைகளில் ஆறு இவர்களுக்காகப் போட்டவை.

ஆனால் எல்லாக் கத்தியிலும் துளை போட்டுத் தீர்த்துவிட முடியாது. பிடியின் ஒரு பக்கத் தகடே வளைந்து வந்து அலகைப் பூட்டும் வகை ஒன்று உண்டு. ஐடஹோ மாநிலத்தின் பாய்ஸி நகரில் கிறிஸ் ரீவ் நிறுவனம் செய்யும் ‘செபென்ஸா’ அதற்குப் பெயர்பெற்றது. அதில் பூட்டை விடுவிக்கும் விளிம்பு வலது கட்டைவிரலுக்கு வாட்டமாக வெட்டப்பட்டிருக்கும். கிளிப்பை மட்டும் இடம் மாற்றினால் கத்தியை இடது கையால் ஒழுங்காக எடுக்கலாம், மூடும்போது அதே தடுமாற்றம் மிச்சமிருக்கும். அதனால் அவர்கள் இடது கைக்காரர்களுக்கென்று தனிக் கத்தியே செய்கிறார்கள். அதில் பூட்டுத் தகடு, விடுவிக்கும் வெட்டு, கிளிப் எல்லாமே கண்ணாடியில் பார்த்தது போல மறுபக்கத்தில் இருக்கும்.